காக்கைக்கு மேலே இரண்டு வரி

எப்சிக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் தன் பெயர் அச்சில் வரப்போகிறது என்று தெரிந்தது. கல்யாணப் பத்திரிகையில் வந்திருக்க வேண்டிய பெயர்; அது நடக்கவில்லை. சபையின் ஆண்டு மலரில் ஒருமுறை வந்திருக்க வேண்டும்; எஸ்தர் என்று மாற்றிப் போட்டுவிட்டார்கள். அதனால் 1998 ஜூன் மாதம் சென்னைக் கலைக்களஞ்சிய அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த கடிதத்தில், 'கட்டுரையின் முடிவில் தங்கள் பெயர் இடம்பெறும்' என்ற வரியை அவள் நான்கு தடவை படித்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

கேட்டிருந்தது இதுதான். 'கா' வரிசைத் தொகுதிக்குக் காக்கேசிய மொழிகளைப் பற்றி ஒரு கட்டுரை. கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவிலுள்ள மலைகளில் பேசப்படும் மொழிகள் எத்தனை குடும்பம், எது எதற்கு உறவு என்று முந்நூறு சொற்களில் எழுதவேண்டும். அதற்கான நூல்கள் பெரும்பாலும் ரஷ்ய மொழியில் இருந்தன. ரஷ்யம் தெரிந்த தமிழரைத் தேடிய பதிப்பாசிரியர் அன்பரசன், சென்னையில் பழைய ரஷ்ய வகுப்புகளில் படித்தவர்களின் பட்டியலைத் துழாவி, ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் டெலிபோன் போர்டு பார்க்கும் எப்சியைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஆம்பூரில் ரஷ்யம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். நர்சிங்கில் இடம் கிடைக்காத கோபத்தில் போய்ச் சேர்ந்த வகுப்பு அது. ஆனால் எண்பதுகளில் இந்த ஊர் ஷூ அப்பர்கள், அதாவது காலணியின் மேல்தோல்கள், கப்பல் கப்பலாக சோவியத் நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. கடிதம் எழுத, தந்தி படிக்க, வருகிறவர்களோடு பேச ஆள் வேண்டும். கம்பெனி அவளைத் தங்கத் தட்டில் வைத்துத் தாங்கியது. பிறகு சோவியத் யூனியன் கலைந்தது. உலகத்தில் யார் யாருக்கோ என்னென்னவோ போயிற்று; எப்சிக்குப் பேச்சுத்துணை போயிற்று. ஜெர்மன்காரனும் இத்தாலிக்காரனும் இங்கிலீஷிலேயே பேசினார்கள். முதலாளி நல்ல மனிதர், வேலையை விட்டு அனுப்பவில்லை. டெலிபோன் போர்டில் உட்காரவைத்தார். ஒரு நாளைக்கு இருநூறு தடவை 'குட் மார்னிங்' சொல்லிவிட்டு, சாயங்காலம் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டால், மறுநாள் காலை வரை வாயைத் திறக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஒரு ரஷ்யப் பாடப்புத்தகத்தை எடுத்து வாய்விட்டுப் படிப்பாள். மொழி துருப்பிடித்துவிடக் கூடாது என்று ஒரு பயம். பக்கத்து வீட்டு ஜாஸ்மின் இதை ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, எப்சி அக்காவுக்கு அந்நிய பாஷையில் பேசும் வரம் கிடைத்துவிட்டது என்று சபையில் சாட்சி சொல்லிவிட்டாள். மூன்று பெண்கள் ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். எப்சி சிரித்துச் சமாளித்தாள். அவர்கள் போனதும் அழுதாள்.

வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ரெக்கார்டு செக்‌ஷனில் இருக்கும் தம்பி நத்தானியேலுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"பேர் போடுவாங்களா?" என்றான் அவன்.

"போடுவாங்களாம். கட்டுரைக்குக் கீழ."

"அப்ப சரி. ஒரு காப்பி எனக்கு எடுத்து வை, ஆபீஸ்ல காட்டணும். அந்த பாஷைய படிச்சு இன்னாத்தக் கண்டேன்னு நானே உன்ன எத்தினி தபா கேட்டிருக்கேன்!"

கேட்டிருக்கிறான். கொஞ்ச நஞ்சமல்ல. அவன் வாயை அடைக்க ஒரு அச்சடித்த பெயர் கிடைக்கிறதென்றால் கசக்குமா? ஆனால் எப்சி அந்த வேலையை ஒப்புக்கொண்டதற்கு வேறொரு காரணம் இருந்தது. அதை அவள் தம்பியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

காரணத்தின் பெயர் பாத்திமத். 1987இலிருந்து மூன்று வருஷம் சோவியத் தரப்பில் சரக்கைப் பரிசோதிக்க ஆம்பூரில் தங்கியிருந்தவள். காஸ்பியன் கரையிலுள்ள மகச்கலா நகரத்துக் காலணித் தொழிற்சாலையிலிருந்து வந்தவள். எப்சியைவிட ஆறு வயது மூத்தவள். உரத்த சிரிப்பு, ஓயாத சிகரெட். ஊர் அவளை 'ரஷ்யாக்காரம்மா' என்றது. பெயரைக் கேட்டதும் ஃபாத்திமா என்று புரிந்துகொண்ட சாயபு வீடுகள் அவளைப் பெருநாள் விருந்துக்குக் கூப்பிட்டன. அவள் போய்த் தரையில் சம்மணம்போட்டு உட்கார்ந்து எல்லாரையும்விட ஜாஸ்தி சாப்பிடுவாள். ஒரு வார்த்தை உருது தெரியாது. எப்சி பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த மூன்று வருஷமும் எப்சி இருந்த இடத்தில் கலகலப்பு இருந்தது. அதற்கு முன்னும் இல்லை, அதற்குப் பின்னும் இல்லை.

தரம் பிரிக்கும் மேஜையில் ஒரு பக்கம் கம்பெனியின் தோல் பிரிப்பாளர் ரஷீத் அஹமது, மறுபக்கம் பாத்திமத், நடுவில் எப்சி. ஒரு நாள் ஒரே கறுப்புச் சாயம் ஏறிய ஐம்பது தோல்களை ஒரே அடுக்காகக் கொண்டுவந்து போட்டார்கள். எல்லாம் வெள்ளாடு என்று சீட்டு சொன்னது. ரஷீத் ஒன்றைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தை விரலால் தேய்த்தார். பாத்திமத்தும் அதே நேரத்தில் இன்னொன்றைத் திருப்பித் தேய்த்தாள். "செம்மறி" என்று இருவரும் அவரவர் மொழியில் ஒன்றாகச் சொன்னார்கள். எப்சிக்கு மொழிபெயர்க்க வேலையே இல்லாமல் போயிற்று.

அன்றைக்கு டீ குடிக்கும்போதுதான் பாத்திமத் சொன்னாள்.

"என் பாஸ்போர்ட்டில் அவார் இனம் என்று எழுதியிருக்கிறது, எப்சி. நான் அவார் இல்லை. அர்ச்சி. ஒரு மலையில் நாலைந்து சின்ன ஊர், ஆயிரத்துச் சொச்சம் பேர், அவ்வளவுதான் நாங்கள். சுற்றிலும் இருப்பவர்கள் அவார்களும் லாக்குகளும். சந்தையில் அவர்கள் மொழியைப் பேசுவோம், அவர்கள் சொற்களை வாங்கிக்கொண்டோம். மேலே ஏறின சாயத்தைப் பார்த்து அவார் என்று எழுதிவிட்டார்கள்."

"அப்படியானால் உங்கள் மொழிக்கு உறவு யார்?"

"லெஸ்கியர்கள் பக்கம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். தெற்கே, மலைகளைத் தாண்டி. நாங்கள் அவர்களைப் பார்த்ததுகூட இல்லை." பாத்திமத் புகையை விட்டாள். "உறவெல்லாம் தூரத்தில், அக்கம்பக்கமெல்லாம் அன்னியம். அப்படி ஒரு பிழைப்பு."

எப்சிக்கு அது நன்றாகப் புரிந்தது. அவ்வளவு நன்றாகப் புரிந்தவள் பிறகு அப்படிச் செய்தாளே, அதுதான் கொடுமை.

1990 டிசம்பரில் பாத்திமத்துக்குப் பிரிவுபசார விருந்து. கேன்டீன் ஹாலில் தையல் பகுதிப் பெண்கள், தோல் பிரிப்பவர்கள், முதலாளி குடும்பம் என்று முந்நூறு பேர். பின்பக்கம் பிரியாணி தம்மில் இருந்தது. பாத்திமத் அன்று காலையே எப்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்று கொஞ்சம் நீளமாகப் பேசுவேன். ஒன்றும் விடாமல் சொல்," என்று கேட்டிருந்தாள். மைக் முன்னால் நின்று பேசினாள்.

"மூன்று வருஷமாக நீங்கள் என்னை ரஷ்யாக்காரி என்று கூப்பிட்டீர்கள். நான் ரஷ்யாக்காரி இல்லை. காகிதத்தில் எழுதியிருப்பதும் நான் இல்லை. எங்கள் ஜனம் அர்ச்சி. ஒரே மலையில் இருக்கிறோம். எங்கள் மொழி எங்கள் அண்டை வீட்டார் மொழி இல்லை. ஆனாலும் அவர்களோடு சேர்ந்துதான் வாழ்கிறோம். உங்கள் வீடுகளில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். சாப்பாடு போட்டவர்களுக்கு நான் யார் வீட்டுப் பெண் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டாமா? அதனால்தான் சொல்கிறேன்."

இன்னும் பேசினாள். ஐந்து நிமிஷம் இருக்கும். முடித்துவிட்டு எப்சியைப் பார்த்தாள்.

எப்சி கூட்டத்தைப் பார்த்தாள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பிரியாணி வாசனை வந்த பக்கம் திரும்பியிருந்தார்கள். அர்ச்சி, அவார், லாக் என்று ஆரம்பித்தால் இந்த ஜனங்களுக்கு என்ன விளங்கப்போகிறது, ரஷ்யா என்றாலே போதாதா என்று அவளுக்குத் தோன்றியது. மைக்கை வாங்கினாள்.

"மேடம் ரஷ்யாவுலேர்ந்து வந்து மூணு வருஷம் நம்ம கூட இருந்தாங்க. எல்லாருக்கும் ரொம்ப நன்றி சொல்றாங்க."

கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று வருஷத்தில் பாத்திமத்துக்கு நாலு தமிழ் வார்த்தை பிடிபட்டிருந்தது. அதில் ரஷ்யாவும் நன்றியும் உண்டு.

"நான் பேசியது இவ்வளவு சின்னதா?" என்றாள், எப்சிக்கு மட்டும் கேட்கும்படி.

மறுநாள் கார் ஏறும்போது எல்லாருக்கும் கொடுத்ததுபோல எப்சிக்கும் கை கொடுத்தாள். எப்சி மகச்கலாவுக்கு இரண்டு கடிதம் எழுதினாள். பதில் இல்லை. கோபமா, தபால் போய்ச் சேரவில்லையா என்று தெரியாது. அந்தத் தேசமே அடுத்த வருஷம் இல்லாமல் போயிற்று. பிறகு செச்னியாவில் சண்டை என்று செய்தி வரும்போதெல்லாம், பக்கத்துப் பிரதேசம் பாத்திமத்துடையதாயிற்றே என்று எப்சி வேலையை விட்டுவிட்டுக் கேட்பாள். எட்டு வருஷமாக அந்த ஐந்து நிமிஷம் அவள் தொண்டையில் நின்றது. இப்போது ஒரு கலைக்களஞ்சியம் அவளைக் கூப்பிட்டு, அந்த மலையில் யார் யாருக்கு உறவு என்று தமிழில் சொல் என்கிறது. விடுவாளா?

ஐந்து சனிக்கிழமை லீவு போட்டுச் சென்னைக்கு ரயிலேறினாள். ரஷ்ய நூலகத்தில் தடித்த தொகுதிகள் தூசிபிடித்துக் கிடந்தன. எழுத எழுத அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தெற்கே ஜார்ஜியமும் அதன் உடன்பிறப்புகளும் ஒரு குடும்பம். வடமேற்கே அப்காசியம், அதிகே கூட்டம். அதில் உபிக் என்ற மொழியைப் பேசிய கடைசி மனிதர் துருக்கியில் ஆறு வருஷத்துக்கு முன்புதான் இறந்திருந்தார். வடகிழக்கே செச்சேனியம், அவார், லெஸ்கியம் என்று பெரிய பட்டாளம். ஒசேத்தியர்கள் அதே மலையில் இருந்தும் அவர்கள் மொழி ஈரானிய வகை. குமிக்குகள் மொழி துருக்கிய வகை. ஒரே மலையில் இருக்கிறோம் என்பதால் உறவாகிவிட முடியாது, சொற்கள் கைமாறியதாலும் முடியாது, அடிப்படை ஒலிகளும் இலக்கணமும் ஒழுங்காகப் பொருந்தவேண்டும் என்று விளக்கினாள். ஜார்ஜியத்தில் 'மாமா' என்றால் அப்பா என்பதையும் ஆசையாகச் சேர்த்தாள். அர்ச்சிக்கு ஒரு ரஷ்யத் தொகுதியில் தனி அத்தியாயமே இருந்தது. அதைப் பார்த்தபோது வழியில் தெரிந்தவரைக் கண்டதுபோல இருந்தது.

முந்நூறு சொல் கேட்ட இடத்துக்கு எண்ணூறு சொல் அனுப்பினாள். அன்பரசன் கம்பெனி நம்பருக்கே போன் செய்தார். போனை எடுப்பதே எப்சிதான் என்பதால் இதில் ஒரு வசதி இருந்தது.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா நீளம். அப்புறம், எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பமா, ரெண்டா, மூணா? ஒரு முடிவா சொல்லுங்க."

"மூணு சார். முன்னாடி சோவியத் ஆளுங்க சிலர் எல்லாம் ஒண்ணுன்னாங்க, நிக்கல. வடக்குல இருக்கற ரெண்டும் சொந்தமா இருக்கலாம்னு சிலர் சொல்றாங்க. இன்னும் நிரூபணம் ஆகல."

"'இருக்கலாம்'லாம் கலைக்களஞ்சியத்துல வேணாம்மா. மூணுன்னு போட்டுடறேன்."

மாமா போனார். ஒசேத்தியர்கள் போனார்கள். உபிக்கின் கடைசி மனிதர் ஒரு அடைப்புக்குறிக்குள் ஒடுங்கினார். இதற்கெல்லாம் எப்சி வாய் திறக்கவில்லை. ஜனவரியில் அச்சுப்படி வந்தது. அர்ச்சி இருந்த இடத்தில் 'முதலிய சிறு மொழிகள்' என்று இருந்தது. கட்டுரையின் அடியில் ஒரு வெற்றுவரி விட்டு, அவள் பெயர் சாய்ந்த எழுத்தில் அழகாக நின்றது. அதன் கீழே அடுத்த தலைப்பு தொடங்கிவிட்டது: காக்கை. படத்தோடு.

எப்சி அன்று மதியம் சாப்பிடவில்லை. சென்னைக்குப் போன் போட்டாள்.

"சார், ஒரு வாக்கியம் விட்டுப்போச்சு. அர்ச்சி மக்கள அவார் கணக்குல சேத்துடறாங்க, ஆனா அவங்க பேசறது லெஸ்கியக் கிளையச் சேர்ந்த தனி மொழின்னு எழுதியிருந்தேன்."

"எத்தன பேர்மா பேசறாங்க அத?"

"ஆயிரத்துச் சொச்சம்."

"நம்ம தமிழ்நாட்டுல ஒரு தெருவுல இருப்பாங்கம்மா அவ்ளோ பேர்." அவர் சிரித்தார், கெட்ட சிரிப்பில்லை. "பக்கம் கட்டியாச்சு. கீழ காக்கா வந்து உக்காந்துடுச்சு. ஒரு வரி ஏத்தினா பின்னாடி பதினாறு பக்கம் நகரும். அச்சகத்துல என்னைக் கொன்னுடுவாங்க."

"அந்த வாக்கியம் எத்தன வரி வரும் சார்?"

"ரெண்டு வரும்."

எப்சி அச்சுப்படியைப் பார்த்தாள். வெற்றுவரி ஒன்று. பெயர் ஒன்று. கூட்டிப் பார்க்க மூளை வேண்டியதில்லை. ஆனாலும் அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சாய்ந்த எழுத்தில் தன் பெயர் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. தம்பியின் முகம் ஞாபகம் வந்தது.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். என் பேர எடுத்துடுங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"பேரும் அதுக்கு மேல இருக்கற வெத்து வரியும் எடுத்தா ரெண்டு வரி கெடைக்கும். அதுல அந்த வாக்கியத்தப் போட்டுடுங்க. காக்கா நகர வேணாம்."

"எழுதினவங்க பேர் இல்லாம நாங்க போட்டதில்லம்மா," என்றார் அன்பரசன். "யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் சார்," என்றாள். உண்மையில் யோசிக்கவில்லை. யோசித்தால் மனசு மாறிவிடும் என்று பயம்.

1999 ஆகஸ்டில் இரண்டு பிரதிகள் பார்சலில் வந்தன. ஒன்றை வேலூருக்குக் கொண்டுபோய்த் தம்பியிடம் கொடுத்தாள். அவன் முன்னும் பின்னும் புரட்டினான்.

"எங்க உன் பேரு? ஏமாத்திட்டானுங்களா?"

"விட்டுப்போச்சு போல."

"நீ ஒருத்தி! எவன் எது சொன்னாலும் நம்பிடுவ," என்று புத்தகத்தை டி.வி. மேல் வைத்தான். எப்சி டீயைக் குடித்துவிட்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாள். பஸ் முழுக்க ஜனம். இத்தனை வருஷத்தில் இவ்வளவு தனியாக அவள் எப்போதும் உணர்ந்ததில்லை.

மறுநாள் இன்னொரு பிரதியைக் கம்பெனிக்குக் கொண்டுவந்து டெலிபோன் போர்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஏன் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மதிய லுஹர் தொழுகை முடிந்து அந்த வழியாக வந்த ரஷீத் அஹமது நின்றார். தாடி முழுக்க நரைத்துவிட்டது.

"இன்னாம்மா இது, இம்மாம் பெரிய புக்கு?"

"நான் எழுதினது இருக்கு பாய், இதுல."

"அட! காட்டு, காட்டு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். காக்கைக்கு மேலே இருந்த இரண்டு வரியில் அவர் விரல் நின்றது. "அர்ச்சி... ஆரு இவங்க?"

"நம்ம பாத்திமத் மேடம் ஆளுங்க."

"ரஷ்யாக்காரம்மாவா?"

"ரஷ்யாக்காரம்மா இல்ல பாய்," என்றாள் எப்சி. அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. எழுந்து நின்றாள். அன்று மைக்கில் பாத்திமத் பேசியதை முதல் வார்த்தையிலிருந்து தமிழில் சொன்னாள். மலை, நாலைந்து ஊர், காகிதத்தில் எழுதிய பெயர், சந்தையில் ஒரு மொழி வீட்டில் ஒரு மொழி, சாப்பாடு போட்டவர்களுக்கு நான் யார் வீட்டுப் பெண் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டாமா என்றது, எல்லாம். ஒரு சொல்லும் விடவில்லை. எட்டரை வருஷம் அவள் தொண்டையில் இருந்தது அத்தனையும் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

ரஷீத் புத்தகத்தை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அன்னிக்கு இதயா சொன்னாங்க அந்தம்மா?"

"ஆமா பாய்."

"நீ நன்றின்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டியேம்மா."

"உங்களுக்கெல்லாம் இது புரியாதுன்னு நெனச்சேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டு அவளைப் பார்த்தார்.

"எங்களுக்கா புரியாது? எங்க வூட்ல உருது. வாசப்படி தாண்டினா தமிழு. இப்டிக்கா நாலு மைலு போனா தெலுங்கு. எங்கள எங்கேர்ந்து வந்தீங்கன்னு கேக்காத ஆளு உண்டா? நாங்க இந்த ஊருதாம்மான்னு எங்கப்பா சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. உன் வேதத்துக்காரங்களக் கேளு, அவங்களும் அதத்தான் சொல்வாங்க. நீ சொல்லியிருந்தியானா அந்தம்மாவ இன்னும் நாலு நாளு வெச்சிருந்து அனுப்பியிருப்போம்." கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியல பாய்."

அவர் புத்தகத்தைப் பத்திரமாக மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். இந்த ஊரில் தனக்குப் புரிவது யாருக்குமே புரியாது என்றுதான் அவள் இத்தனை வருஷம் வாயை மூடி இருந்திருக்கிறாள். அன்று அந்த ஹாலில் முந்நூறு பேர் இருந்தார்கள். போர்டில் விளக்கு எரிந்தது, மணி அடித்தது, மறுபடியும் அடித்தது. எப்சி எடுக்கவில்லை.